அம்மாவின் ஓவனும் எண்பத்தைந்து வெள்ளிக் கணக்கும்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து நான்கு அழைப்புகள். நான் நிகழ்ச்சியில் இருக்கும் நேரத்தில் அம்மா அழைக்கவே மாட்டார். பதறிப்போய் எடுத்துப் பேசினேன்.

"ஓவன் போச்சும்மா" என்றார்.

"இவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அம்மாவுக்கு அது 'இவ்வளவுதான்' இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு இன்னும் 23 நாள்தான் இருந்தது. அன்னாசி டார்ட்டும் வெண்ணெய் பிஸ்கட்டுமாக 46 போத்தலுக்கு ஆர்டர் எடுத்து வைத்திருந்தார். கோத்தா திங்கியில் எங்கள் தாமானிலும் பக்கத்துத் தாமான்களிலும் அம்மாவின் டார்ட் இல்லாத தீபாவளி குறைவு. அன்று காலை முதல் தட்டை உள்ளே வைத்து எடுத்தால், மேலே கருகியிருக்கிறது, கீழே மாவு பச்சையாகவே இருக்கிறது. இன்னொரு தட்டு வைத்தும் அதே கதைதான்.

"விடுங்கம்மா, இன்னிக்கே புதுசு ஆர்டர் போட்டுடறேன்" என்றேன். பேசிக்கொண்டே கைப்பேசியில் தேடிவிட்டேன். அதே அளவு ஓவன் 799 வெள்ளி. நான்கு நாளில் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிடும்.

"நீ முதல்ல வந்து பாரு. அப்புறம் வாங்கலாம்" என்றார் அம்மா. அவர் 'அப்புறம்' என்று சொன்னால் 'வேண்டாம்' என்று அர்த்தம்.

நேயர்கள் சொன்ன பதில்

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைதான் ஊருக்குப் போக முடியும். வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் எது நடந்தாலும் மறுநாள் அது நிகழ்ச்சித் தலைப்பாகிவிடும். வெள்ளிக்கிழமை காலை நேயர்களிடம் கேட்டேன்: "வீட்டில் ஒரு மின்சாதனம் கெட்டுப்போனால் பழுது பார்ப்பீர்களா, புதிதாக வாங்குவீர்களா?"

தொலைபேசி ஓயவில்லை. மாசாயிலிருந்து பேசிய ஒரு சகோதரி, ஒரே வருடத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை மூன்று முறை பழுது பார்த்து, கடைசியில் புதிதையே வாங்கியதாகப் புலம்பினார். "மூணு தடவை கொடுத்த காசைக் கூட்டினா பாதி மெஷின் வாங்கியிருக்கலாம்." பழுது பார்க்க ஆளே கிடைப்பதில்லை என்றார் ஓர் இளைஞர். அவருடைய ஊரில் கடை வைத்திருந்த பெரியவர் ஓய்வு பெற்றதும் கடையை எடுத்து நடத்த யாரும் வரவில்லையாம். தோட்டத்தில் மின் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா, "எதுவா இருந்தாலும் முதல்ல பிளக்கைப் பாரும்மா" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

கூட்டிப் பார்த்தால் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் புலனத்தில் ஒரு செய்தி வந்தது: "எது கெட்டுப்போச்சுன்னு தெரியாம எப்படிம்மா முடிவெடுக்கிறது?" அதை நான் வானலையில் வாசிக்கவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கேள்வி என்னைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. ஓவனில் எது கெட்டது என்று தெரியாமலேயே 799 வெள்ளிக்குப் புதிதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவள் நான்.

வெள்ளம் சொல்லிக்கொடுத்த பாடம்

பழைய சாமானுக்குக் காசு செலவழிக்க எனக்கு மனம் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோத்தா திங்கி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு லொம்போங் நீர்வீழ்ச்சி நினைவுக்கு வரும். எங்களுக்கு வெள்ளம்தான் நினைவுக்கு வரும்.

2006 டிசம்பரில் நான் எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வயது 17. டிசம்பர் 19ஆம் தேதி வாக்கில் தொடங்கிய மழையில் ஜொகூர் ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். நிவாரண மையத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது குளிர்பதனப் பெட்டி சமையலறையில் படுத்துக் கிடந்தது. அம்மாவின் பழைய ஓவனுக்குள் சேறு.

அப்பா லேசில் எதையும் தூக்கி எறிகிறவர் இல்லை. எல்லாவற்றையும் கழுவி, வெயில் அடித்த நேரத்திலெல்லாம் வாசலில் காய வைத்தார். ஆள் வைத்து குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஓவன் மூன்றையும் பழுது பார்க்க 240 வெள்ளி கொடுத்தார். அந்த மாதம் அது எங்கள் வீட்டுக்குப் பெரிய பணம். மூன்றும் ஓடின.

மூன்று வாரம்தான். 2007 ஜனவரி 11, 12 தேதிகளில் இரண்டாவது வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்தைவிட மோசம். கோத்தா திங்கி நகரமே தண்ணீருக்குள் இருந்தது. அந்த இரண்டாவது அலையில் ஜொகூர் மாநிலத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். பழுது பார்த்த மூன்று சாமான்களும் மறுபடி மூழ்கின. இந்த முறை அப்பா எதையும் காய வைக்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்துச் சாலையோரம் போட்டார். ஊர் முழுக்க அப்படித்தான் கிடந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெத்தை, அலமாரி, தொலைக்காட்சி.

அன்றைக்கு அப்பா சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. "இனிமே பழசுக்குக் காசு போடக்கூடாது." குறைந்தபட்சம் என் ஞாபகத்தில் அது அப்படித்தான் பதிந்திருந்தது. கோலாலம்பூரில் நான் குடியிருக்கும் வீட்டில் கெட்டுப்போன எதையும் இதுவரை நான் பழுது பார்த்ததில்லை. காரணம் கேட்டால் அப்பாவைச் சொல்லுவேன்.

இப்போது கெட்டுப்போயிருக்கும் ஓவன், அந்த வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு வருடம் சேமித்து 2009 தீபாவளிக்கு முன்னால் அம்மா வாங்கியது. நான் ஊடகத்துறையில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த நேரம். எத்தனையோ தவணைக் கட்டணம் டார்ட் போத்தலில் இருந்துதான் வந்தது.

தவுக்கே கேட்ட மூன்று கேள்விகள்

சனிக்கிழமை நான்கு மணி நேரம் காரோட்டி ஊர் போய்ச் சேர்ந்தேன். அம்மா காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஓவனை இரவல் வாங்கி ஒரு தட்டு சுட்டுப் பார்த்திருந்தார். இருபது டார்ட் கருகிப்போயிருந்தது. "அவங்க ஓவன்ல சூடு எந்த மூலையில கூடன்னு எனக்குத் தெரியலம்மா. என்னோடதுல தெரியும். இடது பக்கம் பின் மூலை. பாதி நேரத்துல தட்டைத் திருப்பி வச்சா சரியாப் போயிடும்."

இருவருமாக ஓவனைத் தூக்கிக் காரில் வைத்து, பட்டணத்துக் கடைவரிசையில் இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் எழுபதை நெருங்கும் சீனர். அம்மாவுக்கு அவர் தவுக்கே. அவருக்கு அம்மா காக்கா. இருவரும் மலாய் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள்.

அவர் ஓவனைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டார். வெள்ளத்தில் நனைந்ததா? கதவு ஒழுங்காக மூடுகிறதா? தொட்டால் எப்போதாவது ஷாக் அடித்ததா, அல்லது வீட்டு மின்சாரம் டிரிப் ஆனதா?

இல்லை, மூடுகிறது, இல்லை என்று அம்மா வரிசையாகப் பதில் சொன்னார். முதல் கேள்விக்கு ஆமாம் என்றிருந்தால் அவர் ஓவனைக் கடைக்குள்ளேயே எடுத்திருக்க மாட்டாராம். 2007இல் அவருடைய கடையும்தான் மூழ்கியது. அதற்கு முந்தைய வாரம் வரை ஊர்க்காரர்களின் நனைந்த சாமான்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஓவன் சுவர்களுக்கு நடுவில் சூடு வெளியே போகாமலிருக்கப் பஞ்சு போன்ற நார் அடைத்திருப்பார்கள். சேற்றுத் தண்ணீர் அதற்குள் போய்விட்டால் வெளியே துடைத்து என்ன பயன்? கம்பி இணைப்புகள் உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். பார்க்க ஓடும், ஒருநாள் ஆளை அடிக்கும். "தண்ணீர் குடித்த ஓவனுக்கு நான் காசு வாங்க மாட்டேன்" என்றார்.

அதைக் கேட்டதும் அம்மா என் பக்கம் திரும்பி, "உங்கப்பாவும் இதைத்தானே சொன்னாரு" என்றார். "தண்ணி குடிச்ச சாமானுக்குக் காசு போடாதேன்னாரு. பழசுக்குப் போடாதேன்னு எப்பச் சொன்னாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. பதினெட்டு வருடமாக அப்பாவின் சட்டத்தைப் பாதி வார்த்தையைத் தொலைத்துவிட்டுக் கடைப்பிடித்து வந்திருக்கிறேன்.

தவுக்கே ஓவனின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருப்பது ஏதோ புரியாத மாயம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் ஒரு மேசை விளக்கைவிடக் கொஞ்சம்தான் சிக்கல். சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட், நேரம் வைக்கும் திருகு, ஒரு விசிறி, மேலே ஒரு ஹீட்டர் குழாய், கீழே ஒன்று. அந்தக் குழாய்க்குள்ளே நிக்கலும் குரோமியமும் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஓடுகிறது. 1906இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் காப்புரிமை பெற்ற கலவை அது. செக்கச் சிவக்கச் சூடானாலும் அது லேசில் எரிந்துபோகாது. ரொட்டி வாட்டும் டோஸ்டரிலிருந்து முடி உலர்த்தும் கருவி வரை இன்றும் அந்தக் கலவைக்குத்தான் வேலை. கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் சூட்டை வெளியே விடும், மின்சாரத்தை விடாது.

மல்ட்டிமீட்டரின் இரண்டு முனையையும் மேல் குழாயில் வைத்தார். எழுபது ஓம் சொச்சம் காட்டியது. 230 வோல்ட்டில் 750 வாட் ஹீட்டருக்கு அதுதான் சரியான அளவு. கீழ்க் குழாயில் வைத்தார். மீட்டர் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மேலே கருகி, கீழே மாவு பச்சையாக இருந்ததற்கு இதுதான் காரணம். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது.

கண்டுபிடிக்க அவருக்கு ஆன நேரம் பத்து நிமிடம். அதே குழாயை இந்த நிறுவனம் இப்போது தயாரிப்பதில்லை. ஆனால் அதே நீளம், அதே வாட் உள்ள குழாய் ஜொகூர் பாருவில் கிடைக்கும், திங்கட்கிழமை வந்துவிடும் என்றார். குழாய் 45 வெள்ளி, கூலி 40. மொத்தம் 85.

பத்து மாதக் கணக்கு

என் கையில் இன்னும் அந்த 799 வெள்ளி ஓவன் திறந்தபடியே இருந்தது. "பதினாறு வருசம் ஆச்சும்மா. இன்னிக்கு இது போச்சு, நாளைக்கு வேற ஏதாவது போகும்" என்றேன்.

அம்மா ஆர்டர் எழுதி வைத்திருக்கும் நோட்டை எடுத்தார். ஒரு போத்தல் 28 வெள்ளி. வெண்ணெய், மாவு, அன்னாசி, போத்தல், மின்சாரம் எல்லாம் போக அவருக்கு நிற்பது சுமார் 16 வெள்ளி. 46 போத்தலுக்கு 736 வெள்ளி. புதிய ஓவன் 799. அதாவது இந்தத் தீபாவளி முழுக்க அடுப்படியில் நின்று உழைத்துவிட்டு, மேலும் 63 வெள்ளி கைக்காசு போட வேண்டும். பழுது பார்த்தால் 651 வெள்ளி கையில் நிற்கும்.

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் புதிதாக வாங்கு என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. நேயர்களிலும் சிலர் அதைச் சொன்னார்கள். தவுக்கேயின் கணக்கு வேறு. புதிய ஓவன் எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 100 வெள்ளி ஆகிறது. பழுது பார்க்க 85 வெள்ளி. அப்படியானால் பழுது பார்த்த ஓவன் பத்து மாதம் ஓடினாலே கொடுத்த காசுக்குச் சரியாகிவிடும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மாதமும் லாபம். இது இன்னும் எட்டு வருடம் ஓடுமா என்று அவர் கேட்கவில்லை. பத்து மாதம் ஓடுமா என்று மட்டும்தான் பார்க்கச் சொன்னார்.

மாசாய் சகோதரியின் கதையையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒரே வருடத்தில் மூன்று பழுது என்றால் ஒவ்வொன்றும் நான்கு மாதம்தான் தாக்குப்பிடித்திருக்கிறது. முதல் பழுதில் அவர் செய்தது சரி. இரண்டாவது முறை கெட்டபோது நிறுத்தியிருக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 45 வெள்ளிக் குழாய் ஜொகூர் பாருவில் கிடைத்ததால் இந்த ஓவன் பிழைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்?

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒரு பொருளைப் பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம் வரை கிடைப்பதற்குத் தயாரிப்பாளர் நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும். கிடைக்காது என்றால் விற்கும்போதே அதைப் பயனீட்டாளரிடம் தெரிவித்திருக்க வேண்டும். வாங்கும்போது "உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டு வைத்தால் பின்னால் உதவும். வாங்கிய பொருளில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீதைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

வெளிநாடுகளில் இது பெரிய பேச்சாகிவிட்டது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி போன்ற சில பொருள்களை விற்கும்போது, அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று 10க்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே ஆண்டு மார்ச் முதல், துணி துவைக்கும் இயந்திரங்களின் முக்கிய உதிரிப் பாகங்கள் பத்து ஆண்டு கிடைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆம்ஸ்டர்டாமில் 2009இல் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி, கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்து தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சரிசெய்யும் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் தாமான்களில் இப்படி மாதம் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ நடத்த முடியாதா? நேயர்களில் அந்தத் தோட்டத்து ஐயாவைப் போன்ற எத்தனையோ பேர் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார்கள்.

தூக்கி எறிவது என்று முடிவு செய்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் மின் கழிவுக்கென்று தனிக் குறியீடே இருக்கிறது. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தாமானைச் சுற்றிவரும் பழைய சாமான் லோரியில் போட்டுவிட்டால் நம் வாசல் சுத்தமாகிவிடும். சாமான் எங்கே போகிறது, எப்படி உடைக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியாது. மின் கழிவு சேகரிக்கும் இடம் எங்கே இருக்கிறது என்று சுற்றுச்சூழல் துறையிடமோ ஊராட்சி மன்றத்திடமோ ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

அடுப்படியில் நடந்த பேச்சு

அன்று இரவு அம்மாவும் நானும் அன்னாசியைத் துருவிக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஓவன் கெட்டுப்போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அம்மாவுக்கு 63 வயது. தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் முழங்கால் வீங்கிப்போகும் அளவுக்கு நிற்கிறார். இதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை என்றால் புதிய ஓவனாவது வாங்கிக் கொடுத்துப் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"நான் வாங்கித் தரேன்னா உங்க லாபத்துல கை வைக்கப் போறதில்லையேம்மா. அப்புறம் ஏன் வேணாங்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நீ வாங்கிக் கொடுத்தா அது நீ கொடுத்த ஓவன். அதுல சுட்டு நான் காசு பார்த்தா, மக தயவுல பார்க்கிற மாதிரி இருக்கும். இது நான் வாங்கினது" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து அவரே சொன்னார். "தவுக்கே நூறு வெள்ளிக்கு மேல கேட்டிருந்தா நானே வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். காரை விட்டு இறங்கும்போதே மனசுல வச்சிருந்தேன்."

பழைய சாமான் மேல் வைத்த பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பாசமே இல்லை. அவரிடம் ஒரு வரம்பு இருந்தது. என்னிடம்தான் இல்லை. அதற்குச் சாட்சி மறுநாள் காலையிலேயே கிடைத்தது. வீட்டு ரைஸ் குக்கரின் ஒயர், பிளக் ஓரத்தில் பழுப்பாகக் கருகியிருந்ததை நான் காட்டினேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இருக்கும் குக்கர். வெள்ளத்தில்கூட மேல் அலமாரியில் இருந்து தப்பியது. "இதையும் தவுக்கேகிட்ட கொடுப்போமா?" என்றேன். அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரை வெட்டி, கழிவுப் பையில் போட்டார். "நெருப்புப் பிடிக்கிற சாமானுக்கு என்ன கணக்கு?"

நீங்கள் முடிவெடுக்கும் முன்

அந்த இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஓவனோ வேறெதுவோ கெட்டுப்போகும்போது உதவும்.

முதலில், எது கெட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே மட்டும் வேகிறது அல்லது கீழே மட்டும் வேகிறது என்றால் பெரும்பாலும் ஹீட்டர் குழாய். எல்லாமே கருகுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம். சூடே வரவில்லை என்றால் பிளக், பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆபத்துக் கேள்வி. வெள்ளத்தில் நனைந்தது, ஷாக் அடிப்பது, உள்ளே கம்பிகள் கருகியது என்றால் விலைக் கணக்கே போட வேண்டாம். விட்டுவிடுங்கள். மைக்ரோவேவ் ஓவனை மட்டும் வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, பத்து மாதக் கணக்கு. புதியதன் விலையை அது உழைக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். பழுதுச் செலவு அதில் எத்தனை மாதத்துக்குச் சமம்? அவ்வளவு மாதம் ஓடும் என்று பழுது பார்ப்பவர் நம்பிக்கையோடு சொல்கிறாரா?

நான்காவது, கடைக்குப் போகும் முன்பே வரம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்றால் மனம் மாறும். அதே பழுது சீக்கிரமே திரும்ப வந்தால் இரண்டாவது முறை யோசிக்காமல் நிறுத்துங்கள்.

புதிதுதான் என்று முடிவானால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1,500 வாட் ஓவன் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் தாங்கும். ஆனால் அதே நீட்டிப்புக் கம்பியில் 2,000 வாட் தண்ணீர் கெட்டிலையும் செருகினால் தாங்காது. ஓவனுக்குச் சுவரில் தனி இடம் கொடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை நான் கோலாலம்பூரில் இருந்தேன். மாலையில் அம்மா ஒரு படம் அனுப்பினார். தவுக்கே ஓவனின் பின்பக்கத் தகட்டில் கறுப்பு மை பேனாவால் தேதியும் '85' என்ற எண்ணும் எழுதியிருந்தார். அடுத்த முறை கெட்டால் எத்தனை மாதம் ஓடியது என்று பார்க்க வசதியாக.

புதிய குழாயில் சூடு கொஞ்சம் கூடுதலாக வருகிறதாம். நான் வாங்கி வைத்துவிட்டு வந்த 25 வெள்ளி ஓவன் வெப்பமானி, திருகில் 160 வைத்தால் 175 காட்டியிருக்கிறது. அம்மா திருகில் 145 வைத்து ஒரு தட்டு சுட்டுப் பார்த்து, சரியாக வந்த பிறகுதான் ஆர்டரைத் தொடங்கினார். 46 போத்தலும் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. 47ஆவது போத்தல் எங்கள் ஒலிபரப்புக் கூடத்துக்கு வந்தது. அதற்கு அம்மா என்னிடம் 28 வெள்ளி வாங்கிக்கொண்டார்.